பின்பக்கம் இறங்குகிறது என்று ஸ்பிரிங் வாங்கப் போகும் முன்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். மெல்போர்னில் இருக்கிறீர்கள். 2019ஆம் வருடத்து டொயோட்டா பிராடோ, 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக் கியர். தகட்டில் ஏடிஎம், அதாவது சாமானோடு சேர்த்து கேரவனின் உச்ச மொத்த எடை, 2,400 கிலோ என்று போட்ட, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவன் ஒன்றை வாங்கி, மாட்டிக்கொண்டு பெண்டிகோ வரை ஒருமுறை போய்வந்தீர்கள். வண்டியின் பின்பக்கம் தொங்கிப்போய் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. எதிரில் வருகிறவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்கள். லாரி கடந்து போகும்போது ஸ்டீயரிங் லேசாகி வண்டி மிதப்பது போல இருக்கிறது. கடையில் கேட்டால், இரண்டு அங்குலம் தூக்கும் கிட், பின்னால் 400 கிலோ ஸ்பிரிங், அதற்குள் ஏர்பேக் என்ற காற்றடைத்த ரப்பர் பை, மூன்றையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்கிறார்கள். போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம்.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. டேண்டினாங் பக்கம் ஒரு சஸ்பென்ஷன் பட்டறையில் பத்து வருடத்துக்கு மேல் இதே கிட்டுகளை விற்றும் மாட்டியும் சம்பளம் வாங்கியவன் நான். பின்பக்கம் இறங்கியிருக்கிறது என்று வந்து நின்றால், பின்பக்கத்தைத் தூக்கத்தான் வழி சொல்வோம். ஆனால் உங்கள் புகாரில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. பின்பக்கம் இறங்குவது ஒன்று, ஸ்டீயரிங் லேசாவது இன்னொன்று. முதலாவதை ஸ்பிரிங் சரிசெய்யும். இரண்டாவதை எந்த விலை ஸ்பிரிங்கும் சரிசெய்யாது. ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது.

ஊரில் மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பாரமாக ஏற்றினால் மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுத்தும். பின்பாரமாகப் போனால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். கேரவனும் அதே கதைதான். சக்கரம் நடுவில், பாரம் முன்னும் பின்னும். மாட்டின் கழுத்து இருக்கும் இடத்தில் உங்கள் பிராடோவின் டோ பால், அதாவது கேரவனை மாட்டும் இரும்புக் குண்டு, இருக்கிறது. அந்தக் குண்டின் மேல் கேரவன் அழுத்தும் எடையைத்தான் இங்கே பால் வெயிட் என்கிறார்கள். ஆஸ்திரேலியக் கேரவன்களுக்கு மொத்த எடையில் சுமார் பத்து சதவீதம் என்பது பழகிய கணக்கு. உங்களுக்கு அது 240 கிலோ. பிராடோவின் வரம்பு 300.

240 கிலோதானே, மூன்று ஆள் பின்சீட்டில் உட்கார்ந்த மாதிரிதானே என்று தோன்றும். அப்படி இல்லை. பின்சீட்டில் உட்காருகிறவர் இரண்டு அச்சுக்கும் நடுவில் உட்காருகிறார். டோ பால் பின் அச்சுக்கும் வெளியே, கிட்டத்தட்ட 1.2 மீட்டர் பின்னால் நிற்கிறது. பிராடோவின் இரண்டு அச்சுக்கும் இடையே 2.79 மீட்டர். பின் அச்சைத் தாங்குமரமாக வைத்து ஏற்றப்பலகை (சீசா) விளையாடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. பின்னால் 240 கிலோ அழுத்தினால், முன் அச்சிலிருந்து 240ஐ 1.2ஆல் பெருக்கி 2.79ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 103 கிலோ, தூக்கப்படுகிறது. அந்த 103ம் காற்றில் கரைவதில்லை, பின் அச்சில் போய் உட்காருகிறது. ஆக, பின் அச்சு சுமப்பது 240 அல்ல, 343 கிலோ. முன் அச்சு 103 கிலோ இளைத்துவிட்டது. ஸ்டீயரிங் லேசானதற்கும், முன் டயரின் பிரேக் பிடி குறைவதற்கும் காரணம் அந்த 103தான்.

இப்போது பின்னால் 400 கிலோ ஸ்பிரிங் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வண்டி நிமிர்ந்து மட்டமாக நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். லைட் அடிப்பதும் நிற்கும். ஆனால் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்: முன் அச்சில் அதே குறைவு, பின் அச்சில் அதே கூடுதல். உயரம் மாறியிருக்கிறது, எடை மாறவில்லை. மட்டமாக நிற்கும் வண்டி பத்திரமான வண்டி என்று மனது நம்பிவிடுகிறது. அதனால்தான் முதலில் வேண்டாம் என்றேன்.

முன் அச்சுக்கு எடையைத் திருப்பிக் கொண்டுபோகும் சாமான் வேறு. எடை பகிரும் கொக்கி. கடைகளில் டபிள்யூடிஎச் என்று கேளுங்கள். ஹேமன் ரீஸ் என்ற பெயரில் பழக்கம் அதிகம். டோ பாலைத் தாங்கும் சட்டமான டோ பாரில் பொருத்தும் தலையிலிருந்து இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் பின்னோக்கிப் போய், கேரவனின் முன்சட்டத்தில் சங்கிலியாலோ கொக்கியாலோ இழுத்துக் கட்டப்படும். கம்பிகள் வளைந்து விறைக்கும்போது டோ பாரை மேல்நோக்கி நெம்புகின்றன. ஏற்றப்பலகையை எதிர்ப்பக்கம் அழுத்துவது போல. பின் அச்சிலிருந்து கொஞ்சம் எடை முன் அச்சுக்கும், கொஞ்சம் கேரவனின் சக்கரத்துக்கும் போகிறது. கை நிறைய எண்ணெயும் மண்ணும் ஆகும் வேலை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் பிடிக்கும். அதனாலேயே பலருக்குப் பிடிக்காது. ஆனால் தார்ச்சாலையில் ஹியூம் நெடுஞ்சாலை போல மணிக்கு 100ல் போகிறவருக்கு இதைவிடக் குறைந்த செலவில் இதைவிடப் பெரிய பலன் தரும் சாமான் வேறு இல்லை என்பது என் கணிப்பு.

அதைச் சரியாக மாட்டினோமா என்று பார்க்க ஒரு டேப் போதும். சமமான சிமெண்ட் தரையில், கேரவன் இல்லாமல், முன் சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் வளைவு வரை அளந்து எழுதுங்கள். கேரவனை மாட்டி, கம்பி போடாமல், மறுபடி அளவு. பிறகு கம்பி போட்டு மூன்றாவது அளவு. உதாரணத்துக்கு முதலில் 530 மில்லிமீட்டர், மாட்டியதும் 546, கம்பி போட்டதும் 537 என்றால் இழந்ததில் பாதிக்கு மேல் திரும்ப வந்துவிட்டது, போதும். 530க்கும் கீழே போய்விட்டால் கம்பியை அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், ஒரு கண்ணி தளர்த்துங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பின் டயரின் பிடி போய், மழையில் வளைவில் பின்பக்கம் வழுக்கும்.

இரண்டு எச்சரிக்கை. சில வண்டிகளுக்கு, குறிப்பாக ஏர் சஸ்பென்ஷன் உள்ள சிலவற்றுக்கு, தயாரிப்பாளரே இந்தக் கம்பி வேண்டாம் என்கிறார். கையேட்டைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, மண்பாதையில் ஓடை இறங்கி ஏறும் இடங்களில் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். வண்டியும் கேரவனும் வி வடிவத்தில் மடங்கும்போது கம்பிக்கும் டோ பாருக்கும் வரும் அழுத்தம் பயங்கரமானது.

சரி, இதெல்லாம் 240 கிலோ என்று நாமே ஊகித்துப் பேசியது. உங்கள் கேரவனின் உண்மையான பால் வெயிட் என்ன? தகட்டில் இருக்கும் எண் பெரும்பாலும் காலிக் கேரவனுடையது. அதில் தண்ணீர் தொட்டி எங்கே இருக்கிறது, முன்னால் கருவிப்பெட்டியில் என்ன போட்டிருக்கிறீர்கள், கேஸ் சிலிண்டர் இரண்டா ஒன்றா என்பதைப் பொறுத்து எண்பது நூறு கிலோ கூடப்போகலாம். நான் பார்த்த ஒரு வண்டியில் முன்பெட்டிக்குள் ஜெனரேட்டர், ஜாக்கி, இரும்புச் சங்கிலி, ஒரு மூட்டை விறகு எல்லாம் இருந்தது. அவருக்கு ஸ்பிரிங் விற்கவில்லை, விறகை இறக்கச் சொன்னேன். என் முதலாளி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடவும் கூடாது. பின்பாரக் கேரவன் வாலாட்ட ஆரம்பித்தால் பிராடோவையும் சேர்த்து ஆட்டும். பின் பம்பரில் நான்கு சைக்கிள் மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பாரமான சாமான்கள் கேரவன் சக்கரத்துக்கு மேலே, தரையோடு ஒட்டி இருக்கட்டும்.

ஆகவே முதல் செலவு எடைமேடை. பயணத்துக்குப் போகிற மாதிரியே நிரப்பிக்கொண்டு போங்கள்: முழு டீசல், தண்ணீர், குடும்பம், சாப்பாடு. மாட்டிய நிலையில் முன் அச்சு, பின் அச்சு, கேரவன் அச்சு என மூன்று எண். கழற்றிவிட்டு பிராடோ மட்டும் இரண்டு எண். அரைமணி நேர வேலை. இந்த ஐந்து எண் கையில் இல்லாமல் ஸ்பிரிங் சிபாரிசு செய்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது போல.

அந்த எண்கள் உங்களுக்கு இன்னொன்றையும் சொல்லும். உங்கள் பிராடோவின் ஜிவிஎம், அதாவது சட்டப்படி வண்டி தன் சக்கரங்களில் சுமக்கலாம் என்ற மொத்த எடை, 2,990 கிலோ. வண்டியின் சொந்த எடை மாடலைப் பொறுத்து 2,300ஐ ஒட்டி வரும். மிச்சம் 650, 700. இதில் பால் வெயிட் 240 போகிறது, ஏனென்றால் அதுவும் பிராடோவின் சுமைதான். நீங்கள் நால்வர், இரண்டு பெரியவர் இரண்டு பிள்ளைகள், 220 என்று வையுங்கள். டோ பார் 30. பின்னால் ஃபிரிட்ஜ், இழுப்பறை, பேட்டரி என்று 100. வந்துவிட்டது 590. இதற்கு மேல் ஒரு இரும்பு புல்பாரும் கூரைக் கேரியரும் வைத்தால் கணக்கு முடிந்தது. பலர் 3,000 கிலோ இழுக்கும் வண்டி என்ற ஒரே எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டு, இந்த 2,990ஐப் பார்ப்பதே இல்லை. பின் அச்சுக்கென்று தனி வரம்பும் உண்டு. கேரவன் இழுக்கிறவர்களுக்கு அதுதான் முதலில் தீரும்.

ஸ்பிரிங் மாற்றினால் ஜிவிஎம் ஏறுமா என்று கேட்பீர்கள். ஏறாது. ஏர்பேக் போட்டாலும் ஏறாது. சான்றிதழோடு கூடிய ஜிவிஎம் உயர்வு என்பது தனி வேலை. புது வண்டி முதல்முறை பதிவாவதற்கு முன்பே செய்துகொள்வது ஒரு வழி. பதிவான வண்டிக்கு அந்தந்த மாநிலத்து விதிப்படி பொறியாளர் சான்று வாங்க வேண்டும். விக்டோரியாவில் வாஸ் கையெழுத்து என்பார்கள். உங்களுக்கு இரண்டாவது வழி. ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜிவிஎம் ஏறினாலும் ஜிசிஎம், அதாவது வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த வரம்பு, தானாக ஏறாது. லேண்ட் குரூசர் 200ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜிவிஎம் 3,350, ஜிசிஎம் 6,850. வண்டி முழுச் சுமையோடு இருந்தாலும் 3,500 இழுக்கலாம், கணக்கு பொருந்துகிறது. ஜிவிஎம்மை 3,800 ஆக்கி அதை முழுக்க நிரப்பினால் இழுக்க மிச்சம் 3,050தான். பழைய ஃபோர்டு ரேஞ்சர் பிக்அப்பில் உயர்வு செய்யாமலேயே இந்தக் கண்ணி உண்டு: ஜிவிஎம் 3,200, ஜிசிஎம் 6,000. வண்டியை முழுக்க நிரப்பினால் விளம்பரத்தில் சொன்ன 3,500 அல்ல, 2,800. ஒரு கையில் கொடுத்து இன்னொரு கையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

இனி ஸ்பிரிங்குக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதே அதுதான்.

கடையில் 200 கிலோ, 400 கிலோ என்று சொல்லும் எண்ணுக்கு முன்னால் ‘நிலையான’ என்று ஒரு சொல் இருக்கும். விற்கும் அவசரத்தில் அது காணாமல் போகும். 400 கிலோ ஸ்பிரிங் என்றால் 400 கிலோவை எப்போதும் சுமந்துகொண்டிருக்கும் வண்டிக்கான ஸ்பிரிங். திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் விடும்போதும் அந்த 400 பின்னால் இருக்க வேண்டும். உங்களுக்கு எப்போதும் இருப்பது டோ பாரும் இழுப்பறையும் ஃபிரிட்ஜும், 130 கிலோ. கேரவன் வருடத்தில் எத்தனை நாள்? முப்பது? நாற்பது? மிச்ச முந்நூற்றுச் சொச்ச நாளும் அந்த விறைத்த ஸ்பிரிங்கில்தான் உட்காரப் போகிறீர்கள்.

இது எனக்கே நடந்தது. பட்டறையில் வேலை பார்க்கிற திமிரில், என் பழைய பிராடோவுக்கு இருப்பதிலேயே கனமான பின் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்துப் போட்டேன். அந்த வருடம் கேரவன் டிரெய்லர் எல்லாம் சேர்த்து மூன்று பயணம். மற்ற நாளெல்லாம் வேகத்தடை ஏறினால் பின்சீட்டில் அம்மா ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார். காய்கறி வாங்கப் போனாலும் முதுகுவலித் தைலம் வேண்டியிருந்தது. அதைவிட மோசம், காலி வண்டி ஈரமான சரளைச் சாலையில் பின் சக்கரம் தரையில் ஒட்டாமல் தத்திக்கொண்டே போனது. ஆறு மாதத்தில் கழற்றிவிட்டேன். கழற்றியதும் நான்தான் என்பதால் கூலி மிச்சம்.

எனவே விதி எளிது: எப்போதும் இருக்கும் சுமைக்கு ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுங்கள். வந்துபோகும் சுமைக்கு வந்துபோகும் ஏற்பாடு. உங்களுக்கு நிலையான 200 கிலோ வரைக்கான நடுத்தர ஸ்பிரிங் போதும். ஓல்டு மேன் எமு, டாபின்சன்ஸ், அயர்ன்மேன், லவல்ஸ், இங்கே எல்லாருமே இந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள். எண்களைப் பிரிக்கும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முன்னால் புல்பார் இல்லையென்றால் முன் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிட்டு வாங்குங்கள்: உங்கள் பிராடோவில் கேடிஎஸ்எஸ் இருக்கிறதா இல்லையா. வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரை ஹைட்ராலிக்கால் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அது. அதன் பிறப்பிடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் டன்ஸ்பரோவில் இருந்த கைனெடிக் என்ற சிறிய நிறுவனம் என்பதில் இங்கத்திய மெக்கானிக்குகளுக்கு ஒரு பெருமை உண்டு. கேடிஎஸ்எஸ் இருந்தால் வாங்க வேண்டிய ஸ்பிரிங் வேறு. சொல்லாமல் வாங்கி மாட்டினால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். உயர்ந்த மாடலான ககாடுவில் பின்னால் காயிலுக்குப் பதில் காற்று ஸ்பிரிங்கே இருக்கிறது, அதற்கு ஸ்பிரிங்கைப் பற்றி நான் சொல்லும் எதுவும் பொருந்தாது.

ஸ்பிரிங்கைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஷாக் அப்சார்பரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்பிரிங் தாங்கும், ஷாக் அடக்கும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் ஆற்றலைச் சேர்த்துவைத்து, பிறகு திருப்பி உதைக்கிறது. அந்த உதையை எண்ணெயில் உரசவைத்துச் சூடாக்கித் தீர்ப்பதுதான் ஷாக்கின் வேலை. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் உதை பெரிதாகும்; பழைய ஷாக் அதை அடக்கத் திணறும். பாரம் ஏறினாலும் அதே கதை. ஒரு மேட்டைத் தாண்டியபின் வண்டி ஒருமுறை எழுந்து அமர்ந்தால் சரி. இரண்டு மூன்று முறை தலையாட்டினால், கேரவனும் எதிர்த்தாளத்தில் தலையாட்ட, முன் டயர் மாறிமாறி லேசாகிக் கனக்கும். நீங்கள் சொன்ன மிதப்பில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். 2019 வண்டி, கம்பெனி ஷாக், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால், ஸ்பிரிங்குக்கு முன்னால் ஷாக்கை மாற்றுங்கள் என்றே சொல்வேன். இரண்டையும் ஒரே கம்பெனியில், ஒன்றுக்கொன்று பொருத்தமாக வாங்குவது நல்லது. கேட்கும்போது, இந்த ஸ்பிரிங்குக்கு இந்த ஷாக்கின் திரும்பும் பக்கத்து அடக்கம் பொருந்துமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு கடை.

ஷாக்கிலும் வகை உண்டு. இரட்டைக் குழாய் வகைதான் கம்பெனியிலிருந்து வருவது, தார்ச்சாலைக்குத் தாராளம். அதிலேயே ஃபோம் செல் என்ற வகையில், காற்றுக்குப் பதில் உள்ளே நுண்ணறை நுரைப்பஞ்சு இருக்கும், எண்ணெய் நுரைக்காது. ஒற்றைக் குழாய் வகையில் பிஸ்டன் வெளிச்சுவரையே உரசுவதால் சூடு நேராக வெளியே போகும். ஆனால் சுவரில் கல் பட்டு நசுங்கினால் பிஸ்டன் சிக்கிவிடும். இந்த வித்தியாசமெல்லாம் எங்கே தெரியும் என்றால் கிம்பர்லி பக்கம், கிப் ரிவர் ரோடு மாதிரி 660 கிலோமீட்டர் மண்சாலையில். தகரக் கூரையைப் படுக்கவைத்தது போல குறுக்கே வரிவரியாக நெளிந்திருக்கும். ஒவ்வொரு வரியும் ஷாக்குக்கு ஒரு குத்து. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான குத்து, மணிக்கணக்கில். எண்ணெய் கொதித்து நீர்த்து, ஷாக் வெறும் குழாயாகிவிடும். அங்கே போகிற எண்ணம் இருந்தால் நல்ல ஷாக்கில் காசைப் போடுங்கள், டயர் காற்றைக் குறையுங்கள், வேகத்தையும் குறையுங்கள். நின்றதும் சூடாக இருக்கிறதா என்று ஷாக்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள். நான் தொட்டிருக்கிறேன்.

ஏர்பேக் விஷயம். பிராடோ போல பின்னால் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிக்கு, காயிலுக்கு உள்ளேயே நுழைக்கும் ரப்பர் பைகள் வருகின்றன. இவற்றை நான் எதிர்க்கவில்லை. வந்துபோகும் சுமைக்கு வந்துபோகும் ஏற்பாடு என்றேனே, அது இதுதான். பயணத்துக்குக் காற்று ஏற்றலாம், திரும்பியதும் இறக்கலாம். ஆனால் எதற்கு எது என்பதில் குழப்பம் வேண்டாம். வண்டிக்குள் ஏற்றும் சாமானுக்குப் பை, குண்டின் மேல் உட்காரும் பாரத்துக்குக் கம்பி. கேரவனை மாட்டும் முன்பே, சாமான் ஏற்றிய வண்டி காலியாக நின்ற உயரத்துக்கு வரும்வரை பையில் காற்று பிடியுங்கள். அதன் பிறகு கேரவனை மாட்டிக் கம்பி போடுங்கள். மாட்டிவிட்டு, இறங்கியதை எல்லாம் காற்றால் தூக்கினால், மேலே சொன்ன அதே ஏமாற்று மட்டம்தான் கிடைக்கும். காலியாக ஓடும்போதும் கம்பெனி சொல்லும் குறைந்தபட்சக் காற்று, பெரும்பாலும் 5 பிஎஸ்ஐ, இருந்தே ஆக வேண்டும். இல்லையேல் பை காயிலுக்கு இடையில் நசுங்கி ஓட்டை விழும்.

உங்கள் நண்பர் ஹைலக்ஸ் வைத்திருக்கிறார், அவரும் ஏர்பேக் போடப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் இதைக் காட்டுங்கள். ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் போன்றவற்றுக்குப் பின்னால் இருப்பது ஊர் லாரிப் பட்டறையில் கமான் பட்டை என்கிறோமே, அதுதான். பட்டை தன் பாரத்தை சேஸிஸில் இரண்டு இடத்தில், முன் கொக்கியிலும் பின் கொக்கியிலும், ஒரு மீட்டருக்கு மேலான இடைவெளியில் பிரித்துக் கொடுக்கும். சேஸிஸ் அப்படித் தாங்கத்தான் வடிவமைக்கப்பட்டது. அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஏர்பேக்கை வைத்து விறைப்பாகக் காற்றடித்தால், பாரம் முழுவதும் நடுவில் ஒரே புள்ளியில் குத்துகிறது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் தொட்டியில் சாமான், அதற்கும் பின்னால் டோ பாலில் கேரவன். முழங்காலில் வைத்துக் குச்சியை ஒடிப்பது எப்படி, அப்படி. மண்சாலையில் ஒரு பெரிய பள்ளம் போதும், கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் சேஸிஸ் மடங்கும். பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி லாரியில் ஏறி வந்தது. கேபினுக்கும் தொட்டிக்கும் இடையில் உள்ள சந்து மேலே விரிந்து, கீழே குறுகிப் போயிருந்தது. உரிமையாளர் அதற்கு மூன்று நாள் முன்புதான் காற்றை இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தார், வண்டி மட்டமாக இல்லை என்று. அதில் அதிகச் சுமையும் இருந்தது, பை மட்டும் குற்றவாளி இல்லை. ஆனால் பை இல்லாதிருந்தால் பட்டை இறங்கி, தட்டி, இது அதிகம் என்று முன்பே சொல்லியிருக்கும். கமான் பட்டை வண்டிக்கு நிலையான சுமை இருந்தால் ஒரு பட்டை கூட்டிப் போடுவதே ஒழுங்கு.

இரண்டு அங்குல லிஃப்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்பாதையில் அடிவயிறு தட்டினால் உதவும். கேரவன் இழுப்பதற்கு அது எந்த வகையிலும் உதவாது. எடை மையம் மேலே போகும், முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணம் குறைந்து ஸ்டீயரிங் நேராகத் திரும்பும் குணம் மங்கும், டோ பாலும் உயர்ந்துவிடும், கேரவன் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். பிறகு தாழ்வான டோ பால் நாக்கு ஒன்று வாங்க வேண்டும், வீல் அலைன்மெண்ட்டுக்கு முன் சஸ்பென்ஷனின் மேல்கை வேறு மாற்ற வேண்டிவரலாம். எவ்வளவு தூக்கினால் சான்று வேண்டும் என்பதில் மாநிலங்களுக்குள் வித்தியாசம் இருக்கிறது, விக்டோரியா கொஞ்சம் கறார். நடுத்தர ஸ்பிரிங் போட்டாலே அரை அங்குலம், ஒரு அங்குலம் தானாக ஏறும். உங்களுக்கு அது போதும்.

பிரேக்கையும் ஒரு வார்த்தை. உங்கள் கேரவனின் சக்கரத்தில் இறங்கும் எடை 2,000 கிலோவைத் தாண்டுகிறது. அதனால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக்கும், கொக்கி அறுந்தால் தானே பிடிக்கும் ஏற்பாடும் சட்டப்படி வேண்டும். புதுக் கேரவன் என்றால் இருக்கும். அந்த ஏற்பாட்டின் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிராடோவின் பின் டயர் காற்றையும் சுமைக்கு ஏற்பக் கூட்டுங்கள். மிதப்பில் பாதி அங்கேயே தீர்ந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், அதற்கு பெட்ரோல் பங்கில் காசு கூட வாங்க மாட்டார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வரிசையில் போவேன். இந்த வாரம் டயர் காற்று, முன்பெட்டியைக் காலி செய்வது, எடைமேடை. பால் வெயிட் 240ஐ ஒட்டி இருந்தால் அதற்குத் தகுந்த கம்பியோடு எடை பகிரும் கொக்கி. அதை மாட்டி, டேப்பால் அளந்து, ஒருமுறை பெண்டிகோ போய்வருவேன். அதன் பிறகும் மேட்டில் தலையாட்டினால் நாலு ஷாக்கும், பின்னால் நடுத்தர ஸ்பிரிங்கும். ஏர்பேக் கடைசியில், அதுவும் நீண்ட பயணத்துக்குச் சாமான் கூடும் என்றால் மட்டும். ஜிவிஎம் உயர்வு, எடைமேடை எண் 2,990ஐத் தாண்டினால் யோசிக்கலாம். அதற்கு முன் எதை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று உங்கள் வீட்டம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள், அது இன்னும் மலிவு.

எதை மாட்டினாலும் ஆயிரம் கிலோமீட்டருக்குள் போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், ஹெட்லைட் மட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எடைமேடையில் கிடைக்கும் ஐந்து எண்ணையும், கேடிஎஸ்எஸ் இருக்கிறதா இல்லையா என்பதையும் எழுதி அனுப்பினால், எந்தக் கம்பி எடை, எந்த ஸ்பிரிங் என்று பெயரோடு சொல்கிறேன். அதுவரை கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.